ஃபைன் ஆர்ட் தாள்கள்: 7 ஆண்டுகள் அச்சிட்ட பின் என் தேர்வு

கடந்த 7 ஆண்டுகளாக என் புகைப்படங்களை, நிறமி மை பயன்படுத்தும் 17 அங்குல பிரிண்டரில் நானே அச்சிட்டு வருகிறேன். இந்தக் காலத்தில் 11 வகை ஃபைன் ஆர்ட் தாள்களை, அதாவது கலைப்படங்கள் அச்சிடுவதற்கென்றே செய்த தரமான தாள்களை, பெட்டி பெட்டியாக வாங்கி அச்சிட்டுப் பார்த்துவிட்டு, இப்போது இரண்டே தாள்களோடு நின்றுவிட்டேன். பிரிண்டரிலிருந்து வெளிவரும் நேரத்தில் எல்லாத் தாளும் அழகாகத்தான் இருக்கிறது. சட்டத்துக்குள் போய்ச் சுவரில் சில கோடைகளைக் கடந்த பிறகே அதன் குணம் தெரிகிறது என்பதால், அப்படித் தெரிந்துகொண்டவற்றுக்கே இங்கு முதலிடம் தருகிறேன்.

தொடக்கத்தில் தாளை அதன் வெண்மையைப் பார்த்தே வாங்கினேன். இரண்டு தாள்களை அருகருகே வைத்தால் பால் வெள்ளையாக இருப்பதுதான் கண்ணைக் கவரும். சற்றே தந்த நிறம் கலந்தது பழையதுபோலத் தோன்றும். அந்தப் பால் வெள்ளைக்குப் பெரும்பாலும் காரணம் ஆப்டிகல் பிரைட்னர் என்னும் ஒளிர்வூட்டி. சலவைத் தூளில் வெள்ளைத் துணியைப் பளிச்சிட வைப்பதும் இவ்வகை வேதிப்பொருள்தான். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி, அதை நீல ஒளியாக வெளிவிடுகிறது. காலப்போக்கில் ஒளி பட்டு இது செயலிழக்கும். அப்போது தாள் தன் இயல்பான மஞ்சள் சாயலுக்குத் திரும்பிவிடும்.

இதைப் படித்து அறிந்திருந்தும், கண்ணால் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது. பனி மூடிய ஏரியின் படம் ஒன்றை, ஒளிர்வூட்டி மிகுந்த தாளில் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டி, மற்றொன்றை மூடிய பெட்டியில் வைத்திருந்தேன். 3 ஆண்டுகள் கழித்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, மையிட்ட மரங்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் மை ஏறக்குறைய படாமலே விடப்பட்டிருந்த பனியும் ஓரங்களும் மங்கிய மஞ்சளாகியிருந்தன. அந்தப் படத்தின் உயிரே அந்தப் பனிதான். அன்றிலிருந்து வெண்பகுதி மிகுந்த எந்தப் படத்தையும் அவ்வகைத் தாளில் நான் அச்சிடுவதில்லை.

காத்திருக்காமலே தெரியும் சிக்கல் ஒன்றும் உண்டு. பல எல்இடி விளக்குகளில் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய இல்லை. ஆகவே ஒளிர்வூட்டி அங்கே வேலை செய்யாது. பகலில் சன்னலோரம் நீல வெள்ளையாக நின்ற தாள், இரவில் விளக்கின் கீழ் வேறொரு வெள்ளையாகிவிடுகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியைச் சட்டத்தில் போட்டாலும் இதே கதைதான். கையில் ஒரு புற ஊதா டார்ச் இருந்தால், இருட்டறையில் தாளின்மேல் அடித்துப் பார்க்கலாம். ஒளிர்வூட்டி மிகுந்த தாள் நீலமாக மின்னும்.

பருத்தித் தாளா, ஆல்பா செல்லுலோஸ் எனப்படும் மரக்கூழ்த் தாளா என்ற விவாதத்தில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. பருத்தித் தாள் கையில் தரும் மென்மை தனி என்பது உண்மை. ஆனால் தாளை மஞ்சளாக்கும் லிக்னின் என்னும் மரப்பொருளை நீக்கி, அமிலம் இல்லாமல் செய்த மரக்கூழ்த் தாளும் என்னிடம் நன்றாகவே இருக்கிறது. ஒளிர்வூட்டி உண்டா இல்லையா என்ற கேள்விக்கே நான் முதலில் விடை தேடுவேன்.

அடுத்தது கருப்பு. மேட் எனப்படும் பளபளப்பற்ற தாளில் கிடைக்கும் மிக ஆழ்ந்த கருப்பின் அடர்த்தி பொதுவாக 1.6, 1.7 அளவில் நின்றுவிடும். பேரியம் சல்பேட் பூச்சுள்ள பாரைட்டா தாள்களில் அது 2.2 அளவையும் தாண்டும். எண்களில் சிறிய வேறுபாடுபோலத் தெரிந்தாலும் இது மடக்கை அளவு. மேட் தாளின் கருப்பு தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 2 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது, பாரைட்டாவின் கருப்போ 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே அனுப்புகிறது. இரவுக் காட்சிகள், ஒற்றை விளக்கில் எடுத்த முகங்கள் ஆகியவற்றை மேட் தாளில் அச்சிட்டு, நிழல்கள் சாம்பல் பூசியதுபோல ஆனதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆனால் இரண்டையும் சாதாரணக் கண்ணாடிக்குள் வைத்தால், கண்ணாடியின் பிரதிபலிப்பு இரண்டின் கருப்பையும் வெளுக்கச் செய்து அந்த வேறுபாட்டைக் கணிசமாகக் குறைத்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடி போட்டே தீருவது என்றால் மேட் தாளை இதற்காக மட்டும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

பாரைட்டாவிலும் குறை உண்டு. மை பட்ட இடமும் படாத இடமும் வெவ்வேறு பளபளப்போடு தெரியும். சாய்த்துப் பார்த்தால் சிலவற்றில் கருமையின்மேல் செம்பு மினுமினுப்பு ஓடும். மேட் தாளின் கறுத்த பகுதியில் விரல் நகம் உரசினால் தடம் அப்படியே பதிந்துவிடும், அதற்கு மருந்தே கிடையாது. பருத்திக் கையுறை அணிந்தே இரண்டையும் கையாளுகிறேன்.

என்னை மிக அதிகமாகச் சோதித்தது பருத்தித் தாளின் நார்த்தூசி. வானத்தின் நடுவே வெள்ளைப் புள்ளி தோன்றினால், பெரும்பாலும் அது அச்சிடும்போது தாளில் ஒட்டியிருந்த தூசி பின்னர் உதிர்ந்த இடம். இப்போது ஒவ்வொரு தாளையும் தலைகீழாகப் பிடித்து, இதற்கென்றே வைத்திருக்கும் மென்மயிர்த் தூரிகையால் துடைத்த பின்பே பிரிண்டரில் இடுகிறேன். சதுர மீட்டருக்கு 300 கிராமைத் தாண்டும் தாள்களில் ஓரம் சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தாலும் பிரிண்டர் தலை உரசும். தாளைத் தட்டையாக்கிவிட்டு, தலைக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை அமைப்பில் கூட்டிக்கொள்ள வேண்டும். அச்சிட்ட மறுநாளே சட்டத்தில் அடைத்த படங்களில், மையிலிருந்து மெல்ல வெளியேறும் கரைப்பான் ஆவி கண்ணாடியின் உட்புறம் மூட்டமாகப் படிந்தது. ஆகவே சில நாட்கள் உலரவிடுகிறேன்.

இன்று என் அலமாரியில் இருப்பவை கான்சன் இன்ஃபினிட்டி நிறுவனத்தின் ராக் ஃபோட்டோகிராஃபிக், பிளாட்டீன் ஃபைபர் ராக் என்னும் இரண்டு பருத்தித் தாள்கள். இரண்டும் 310 கிராம், இரண்டிலும் ஒளிர்வூட்டி இல்லை. பனி, மணல், மங்கிய வெளிச்சம் எனில் முதலாவது; ஆழ்ந்த நிழல் எனில் இரண்டாவது. ஹானெமூலே நிறுவனத்தின் ஃபோட்டோ ராக் 308 தாளின் மேற்பரப்பு எனக்கு இவற்றைவிடவும் பிடிக்கும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். மேடுபள்ளம் மிகுந்த ஜெர்மன் எட்சிங் போன்ற தாள்கள் சிறிய அளவு அச்சில் இலை, தலைமுடி போன்ற நுணுக்கங்களை விழுங்கிவிடுவதால் பெரிய படங்களுக்கு மட்டும் எடுத்து வைத்திருந்தேன். பின்னர் அதுவும் நின்றுபோனது.

இரண்டோடு நின்றதால் கிடைத்த பெரிய பயன், அந்தத் தாளின் ஐசிசி ப்ரொஃபைலை, அதாவது அதில் நிறங்கள் எப்படி அச்சாகும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பை, கொண்டு திரையில் முன்னோட்டம் பார்க்கும்போதே அச்சு எப்படி வரும் என்பது எனக்குப் பழகிவிட்டதுதான். புதிதாகத் தேடுபவர்கள் மாதிரித் தாள் பொதி ஒன்றை வாங்கி, அடர்ந்த நிழல், மங்கிய மேகம், மனிதத் தோல் மூன்றும் உள்ள ஒரே படத்தை எல்லாத் தாளிலும் அச்சிடுங்கள். ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டி, ஒரு பாதியைப் படம் மாட்டப்போகும் அதே அறையில் விளக்கின் கீழும், மறுபாதியைப் பெட்டிக்குள்ளும் வையுங்கள். பின்புறம் தாளின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுத மறக்காதீர்கள்.