கீசர்: எலிமென்ட் மாற்றினார்கள், ராடைச் சொல்லவில்லை

மச்சான் உச்சிப்புளியிலிருந்து போன் போட்டு, "மாப்ள, எங்க கீசர் போட்டா ட்ரிப் ஆகுது. ரிப்பேர் பண்ணவா, புதுசு வாங்கவா?" என்றார். எங்கள் வீட்டில் போன வாரம்தான் அதே கதை முடிந்தது. அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது 15 லிட்டர், 2000 வாட். ராமேஸ்வரம் பக்கம், மண்டபம் ஊரில் ஆறு வருடமாக ஓடுகிறது. காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே சரியாகிவிடும். குளிக்கப் போர்த் தண்ணீர்தான். வாயில் வைத்தால் கரிக்கும்.

கீசரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காலை ஐந்துக்குப் போட்டு இருபது நிமிடத்தில் அணைத்தால் ஏழு மணிக்கு அம்மா குளிக்கும்போதும் சூடு நிற்கிறது. மார்கழி மழையில் மூட்டுவலியோடு எழுகிறவருக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் எலிமென்ட், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பி, கெட்டுப்போவது இது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் முதலில் கடகடவென்று சத்தம் வரும், சூடாக நேரமாகும், கடைசியில் சுவிட்சைப் போட்டதும் வீடே இருட்டாகும். தண்ணீர் சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு எலிமென்ட் மேல் ஒட்டிக்கொள்கிறது. வெப்பம் வெளியேற முடியாமல் எலிமென்ட் தனக்குள்ளேயே காய்ந்து, மேல் குழாய் வெடிப்பு விடுகிறது. கரண்ட் தண்ணீரில் கசிகிறது. ட்ரிப் ஆனது நம் உயிரைக் காப்பாற்றத்தான். விழுந்த சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டுப் பார்க்காதீர்கள்.

இந்த முறை வந்த மெக்கானிக் அடித்தட்டைக் கழற்றினார். அரை வாளிக்கு வெள்ளைச் சில்லு விழுந்தது. கரையில் கிடக்கும் சிப்பி ஓட்டைப் பொடித்தது மாதிரி. இரண்டும் ஒரே சுண்ணாம்புதான். அப்புறம் ஒரு கம்பியைக் காட்டி, "இதுதாண்ணே உங்க ஆனோடு ராடு" என்றார். விரல் தடிமனில் இருக்க வேண்டிய மெக்னீசியத்தில் நடுக்கம்பி மட்டும் மிச்சம்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. டேங்கின் இரும்பை உப்பு அரிக்காமல், அதற்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அந்த ராடின் வேலை. எங்கள் கீசரில் அது எலிமென்ட் இருக்கும் அதே தட்டில்தான் இருக்கிறது. கம்பெனி ஆள் இரண்டு முறை அதே தட்டைக் கழற்றி எலிமென்ட் மாற்றினார். இரண்டு முறையும் அவர் கண்ணில் பட்டிருக்கும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானூறு ரூபாய்ச் சாமான்! வாங்கும்போதும் யாரும் சொல்லவில்லை. உப்புத் தண்ணீர் ஊரில் விற்கிறவர்கள் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்.

எலிமென்ட், ராடு, கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய் ஆனது. டேங்கில் கசிவில்லை, அதனால் ரிப்பேர் செய்தேன். மச்சானிடமும் அதையே சொன்னேன்: முதலில் மெயினை அணைத்துவிட்டு, கீசருக்கு அடியில் துருத் தண்ணீர் சொட்டுகிறதா பாருங்க. டேங்கே ஒழுகினால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீங்க, புதுசுதான். சொட்டவில்லை என்றால் எலிமென்ட்டோடு ராடையும் மாற்றச் சொல்லுங்க, பழையதைக் கையில் வாங்கிப் பாருங்க. சூட்டை 55 டிகிரிக்கு மேல் வைக்காதீங்க. சூடு ஏற ஏறப் படிவும் ஏறும். வருடம் ஒருமுறை தட்டைக் கழற்றிக் கழுவுங்க.

இதே கீசரைத் திரும்ப வாங்குவேனா என்றும் கேட்டார். மாட்டேன். அம்மாவுக்கு இதில் ஒரு குறையும் இல்லை, வெந்நீர் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் அந்தத் தட்டை இரண்டு முறை மூடிவிட்டுப் போனதை என்னால் மறக்க முடியவில்லை.