எஸ்.இ.சி.ஆர். மென்பொருள்: எத்தனை விலங்குகள், எவ்வளவு பரப்பில்?

குறியிட்டு மறுபிடிக்கும் முறையில் விலங்குத் தொகையைக் கணிப்பவர்களுக்கு இன்று கிடைக்கும் கருவிகளில், நியூசிலாந்துச் சூழலியலாளர் மர்ரே எஃபோர்ட் உருவாக்கிய எஸ்.இ.சி.ஆர். (secr) என்ற மென்பொருள் தொகுப்பையே நான் முதலிடத்தில் வைப்பேன். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) என்ற நிரல்மொழிக்குள் இயங்கும் இந்தத் தொகுப்புக்கு விலை கிடையாது; மூலநிரலையும் எவரும் திறந்து பார்க்கலாம். தானியங்கி கேமராவில் பதிவான புலி, சிறுத்தைப் படங்களை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று திகைக்கும் ஆய்வு மாணவர்களை மனத்தில் கொண்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இதன் அருமை புரிய, பழைய கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. முதல் முறை 50 விலங்குகளைக் குறியிட்டு விடுகிறோம். அடுத்த முறை பிடிபட்ட 40இல் 10 ஏற்கெனவே குறியிடப்பட்டவை என்றால், பிடிபட்டவற்றில் கால் பங்கு குறியிட்டவை; ஆக, குறியிட்ட 50 மொத்தத்தில் கால் பங்கு என்று கொள்ளும் லிங்கன்-பீட்டர்சன் விகிதப்படி மொத்தத் தொகை 200. புள்ளியியலாளர் சாப்மன் 1951இல் தந்த திருத்தத்தைச் சேர்த்தால் அது 189 ஆகிறது. ஆனால் அந்த 189 விலங்குகள் வாழும் பரப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு இந்தச் சூத்திரத்தில் விடை இல்லை. உடல் வரிகளையே குறியாகக் கொள்ளும் கேமரா ஆய்வில், கேமரா வரிசையின் ஓரத்தில் பதிவான புலியின் வாழிட எல்லையில் பாதி வெளியே கிடக்கலாம். அதனால், மறுபிடிபட்ட விலங்குகள் அதிகபட்சம் நகர்ந்த தூரங்களின் சராசரியைக் கண்டு, அதில் பாதியைச் சுற்றிலும் பட்டையாகச் சேர்த்துப் பரப்பைக் கணக்கிட்டார்கள். பாதியையா முழுவதையுமா சேர்ப்பது என்பதைப் பொறுத்து அடர்த்தி வெகுவாக மாறிவிடும். நாடெங்கும் ஒப்பிட வேண்டிய ஓர் எண் இவ்வளவு தள்ளாட்டத்தில் நிற்பது எனக்கு ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை.

எஸ்.இ.சி.ஆர். இந்தப் பட்டையையே தேவையற்றதாக்கிவிடுகிறது. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு நடமாட்ட மையம் உண்டு, அந்த மையத்திலிருந்து கேமரா விலக விலக அது பதிவாகும் வாய்ப்பு குறையும் என்ற எளிய அனுமானத்திலிருந்து தொடங்கி, அடர்த்தியையும், மையத்திலேயே கேமரா இருந்தால் பதிவாகும் வாய்ப்பையும், அந்த வாய்ப்பு தூரத்தோடு தேயும் அளவைக் குறிக்கும் சிக்மாவையும் ஒன்றாகவே கணிக்கிறது. 2018ஆம் ஆண்டு இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து, 2,461 தனித்தனிப் புலிகளை வரிகளால் அடையாளம் கண்டு, 2,967 என்ற மதிப்பீட்டுக்கு வந்ததும் இவ்வகை இடம்சார் முறையைக் கொண்டுதான்.

தொகுப்போடு வரும் மாதிரித் தரவுகள் இதன் பெரிய பலம். நியூசிலாந்தின் வைட்டாரரே கடலோரப் பைன் காட்டில் 2002இல் கூண்டு வைத்துப் பிடித்த போசம் என்ற மரம்வாழ் பைப்பாலூட்டிகளின் தரவை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கூண்டுகள் 20 மீட்டர் இடைவெளியில், உள்ளே வெற்றிடம் விட்ட சதுரங்களாக வைக்கப்பட்டிருந்தன. மேற்கே கடல். மென்பொருளுக்குக் கடல் தெரியாது. வாழிடப் பரப்பைக் கரையோடு நாமே வெட்டித் தராவிட்டால், அலைகளுக்கு நடுவிலும் போசத்தின் மையங்களை வைத்துக் கணக்குப் போட்டுவிடும். நம் காடுகளில் அணைக்கட்டு நீர்ப்பரப்புக்கும் ஊர்களுக்கும் இதே கத்தரிப்பு தேவை.

குறைகளும் இருக்கின்றன. சொடுக்கி வேலை வாங்கும் திரை இந்தத் தொகுப்பில் இல்லை. கட்டளைகளைத் தட்டித்தான் ஆக வேண்டும். கேமரா இடங்களை மீட்டரில் தர வேண்டும். ஜி.பி.எஸ். காட்டும் டிகிரி எண்களை அப்படியே ஊட்டினால், அவற்றையும் மீட்டராகவே எடுத்துக்கொள்ளும். சத்தியமங்கலம், முதுமலைப் பகுதிகளுக்கு இடங்களை மீட்டரில் குறிக்கும் யு.டி.எம். (UTM) வரைபட முறையின் 43ஆம் மண்டலத்துக்கு மாற்றித் தருவதே முறை. விடை ஹெக்டேர் கணக்கில் வருவது இன்னொரு சங்கடம். நூறு சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் புலிகள் என்று நாம் சொல்வதைத் திரை 0.001 என்று காட்டும். 10,000ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். சுண்டெலிக்கும் போசத்துக்கும் ஹெக்டேர் பொருந்தும், புலிக்கு எங்கே பொருந்தும்? கேமராக்களைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை நடமாட்ட மையங்களைத் தேட வேண்டும் என்று நாம் தரும் சுற்றெல்லையைச் சிறிதாக வைத்துவிட்டால் அடர்த்தி மிகையாகத் தோன்றும் என்று அதுவே எச்சரிப்பதை மட்டும் மனமாரப் பாராட்டலாம். சிக்மாவைப் போல் நான்கு மடங்கு வைப்பது பொதுவாகப் போதும்.

ஆனால் தரவின் ஏழ்மையை எந்த மென்பொருளாலும் ஈடுகட்ட முடியாது. ஒவ்வொரு விலங்கும் ஒரே இடத்தில் மட்டுமே மீண்டும் மீண்டும் பதிவாகியிருந்தால் சிக்மாவைக் கணிக்க வழியில்லை. மொத்த மறுபிடிகள் (அதே விலங்கு மீண்டும் பதிவான தடவைகள்) இருபதைக்கூட எட்டாதபோது வரும் எண்ணை, உண்மை அளவு எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பக இடைவெளியைச் சொல்லாமல் அறிக்கையில் எழுதுவது முறையல்ல. அப்படிப்பட்ட தரவுக்கு இந்தத் தொகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நேரத்தைக் கூடுதல் கேமரா நாட்களுக்குச் செலவிடலாம். புலியின் இடப்புற வரியும் வலப்புற வரியும் வேறுவேறு என்பதால், பாதையின் இருபுறமும் சற்று விலக்கி எதிரெதிராகக் கேமரா வைக்காமல் எடுத்த படங்களுக்கும் இதே நிலைதான்.