எக்ஸ்ட்ரா லைட்: எது ரோட்டுக்கு, எது கேஸுக்கு

மதுரையில் கார் ஆக்சஸரீஸ் கடைகளுக்குள் நுழைந்தால் மூன்று வகை எக்ஸ்ட்ரா லைட் கண்ணில் படும். வட்டமான 55 வாட் ஹாலோஜன் டிரைவிங் லேம்ப் ஜோடி ஒன்று. உள்ளங்கை அளவில், வெள்ளையும் மஞ்சளும் மாறி மாறி எரியும் எல்.இ.டி. கட்டை லைட் இரண்டாவது. பம்பரிலோ கூரையிலோ நீளமாகப் பூட்டும் எல்.இ.டி. பார் மூன்றாவது. இதில் முதல் வகையை வாங்கலாம், ஆனால் டப்பாவுக்குள் வரும் ஒயரிங்கை அப்படியே மாட்டக் கூடாது. இரண்டாவதில் நூற்றில் சில தேறும். மூன்றாவதை ரோட்டில் ஓடும் வண்டிக்கு வாங்குவது காசு கொடுத்துக் கேஸ் வாங்குவதுதான்.

‘அண்ணே, எல்லாரும் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது’ என்பார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் விதி 111 ஸ்பாட் லைட், சர்ச் லைட் இரண்டையும் வண்டியின் முன்பக்கம் வைப்பதைத் தடுக்கிறது. விதிவிலக்கான சூழலில், பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு மட்டும் வைக்கலாம். விதி 106 கண் கூச்சத்தைப் பற்றியது. லைட்டிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒருவர் கண்ணை அந்த வெளிச்சம் கூசச் செய்யக் கூடாது. அப்படி ஒளி எப்போதும் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரைவர் இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஒரே இயக்கத்தில் அது அணைந்து டிம் எரிய வேண்டும். கடைசியாகச் சொன்ன இந்த வழிதான் டிரைவிங் லேம்புக்கு உரியது. பிரைட்டோடு எரிந்து, டிம் போட்டதும் தானாக அணைய வேண்டும். எக்ஸ்ட்ரா லைட் கேஸ்களின் வேர் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

எத்தனை லைட் என்பதற்கும் வரம்பு உண்டு. நான்கு சக்கர வண்டிகளின் விளக்கு அமைப்புக்கான ஏஐஎஸ்-008 என்ற இந்தியத் தரம் ஐரோப்பிய விதிமுறை 48-ஐ ஒட்டியது. அதன்படி பிரைட் விளக்குகள் இரண்டு அல்லது நான்கு. டிம், பிரைட் இரண்டும் ஒன்றிலேயே இருக்கும் சாதாரண ஹெச்4 பல்பு போட்ட காரில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிரைட் இருக்கிறது. ஒரு ஜோடி சேர்த்தால் நான்கு, கணக்கு முடிந்தது. டிம், பிரைட் இரண்டுக்கும் தனித்தனி விளக்கு இருந்து, பிரைட் போட்டால் நாலும் பிரைட்டாக எரியும் வண்டிக்கு இன்னொரு ஜோடி சேர்க்க இடமில்லை. எண்ணிப் பார்க்காமல் லைட் விற்பவர்களே அதிகம்.

இனி தண்டனை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைத்த உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஒரு மாற்றத்துக்கு என்பதைக் கவனிக்கவும்: லைட் ஒன்று, அதைத் தாங்கும் புல் பார் (பம்பருக்கு முன்னால் பூட்டும் இரும்புக் கம்பிச் சட்டம்) இன்னொன்று. புல் பாருக்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆகவே ‘பார்ல மாட்டிக்கலாம்ண்ணே, பம்பர்ல ஓட்டை போட வேண்டாம்’ என்ற யோசனை ஒரு பிரச்சினையை இரண்டாக்கும் யோசனை. வண்டியை மாற்றுவது பற்றிய அதே சட்டத்தின் பிரிவு 52-ஐ வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் தயாரிப்பாளர் தந்த வடிவிலிருந்து வண்டியை மாற்றுவதை இறுக்கமாகவே பார்த்தது. ஒழுங்காகப் பூட்டிய ஜோடிக்குக்கூட முழுப் பாதுகாப்பு என்று யாரும் எழுதித் தர முடியாது. விதி 106-ஐ மீறவில்லை என்று நின்ற இடத்திலேயே போட்டுக் காட்ட முடியும், அவ்வளவுதான். சோதனைச் சாவடியில் அது பெரிய வித்தியாசம்.

மஞ்சள் போர்டு வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்க வேண்டாம். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் கழற்றச் சொன்னால் கழற்றத்தான் வேண்டும். கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி ஒயர் முனை தளர்வதுதான் மிச்சம்.

முதல் வகைக்கு வருவோம். ஹாலோஜன் டிரைவிங் லேம்புக்குள் இருப்பது ஹெச்3 பல்பு, 12 வோல்ட், 55 வாட். ஒரு பல்பு சுமார் 1,450 லூமென். எல்.இ.டி. டப்பாக்களில் அச்சிட்டிருக்கும் எண்களுக்கு முன்னால் இது சின்னதாகத் தெரியும். ஆனால் நல்ல ரிஃப்ளெக்டர் இந்த ஒளியைக் குறுகிய கற்றையாக்கித் தூரத்துக்கு அனுப்பும். லூமென் பல்பிலிருந்து எவ்வளவு ஒளி வெளியே வருகிறது என்று சொல்லும், அது எங்கே போய் விழுகிறது என்று சொல்லாது. பெயர் பெற்ற கம்பெனிகளின் லேம்பில் கண்ணாடியிலேயே குறி இருக்கும். வட்டத்துக்குள் ‘ஈ’யும் ஒரு எண்ணும் ஐரோப்பிய ஒப்புதல்: 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. பக்கத்தில் ‘ஹெச்ஆர்’ என்றிருந்தால் ஹாலோஜன் பிரைட் விளக்கு. ‘பி’ அல்லது ‘எஃப்3’ என்றிருந்தால் ஃபாக் லைட். ‘ஆர்எல்’ என்றால் பகலில் எரியும் விளக்கு. அருகே 17.5, 25, 37.5 போல ஒரு எண் இருந்தால் அது ஒளிச் செறிவு. வண்டியில் ஒரே நேரத்தில் எரியும் எல்லா பிரைட் விளக்குகளின் எண்களையும் கூட்டினால் 100-ஐத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியக் கணக்கு.

‘ஈ’ குறி எந்த ஒப்பந்தத்தின் கீழ் தரப்படுகிறதோ, அந்த ஒப்பந்தத்தில் இந்தியா உறுப்பினர் இல்லை. அதனால் ‘ஈ’ குறி மட்டும் இங்கே சட்டப்படி அனுமதி ஆகிவிடாது. ஏஆர்ஏஐ, ஐகேட் போன்ற வாகனச் சோதனை நிறுவனங்களின் வகை ஒப்புதல்தான் இங்கே செல்லும். ஆனாலும் கற்றை எங்கே விழ வேண்டும் என்று சோதித்த லேம்ப் என்பதற்கு அந்தக் குறி நல்ல சாட்சி. டப்பாவில் ‘டாட்’ என்று போட்டிருப்பது அமெரிக்காவில் தயாரிப்பாளர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சான்று. ‘ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு’ ஸ்டிக்கருக்கு மதிப்பே கிடையாது. மதுரை வடக்கோ தெற்கோ மத்தியோ, எந்த ஆர்.டி.ஓ. அலுவலகமும் லைட் டப்பாவுக்கு ஒப்புதல் கொடுப்பதில்லை.

எல்.இ.டி. கட்டை லைட்டில் முதல் ஏமாற்று வாட்டில்தான். 120 வாட் என்று போட்ட ஜோடியை 13.5 வோல்ட்டில் ஓடவிட்டு கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கருவி) வைத்தால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்ட வேண்டும். 3 ஆம்பியர் காட்டினால் அது 40 வாட். கடையில் மீட்டர் இருக்கும், வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்தது சூடு. எல்.இ.டி.யின் பின்பக்க அலுமினியத் தகடுகள் காற்றில் ஆறினால்தான் வெளிச்சம் நிற்கும். சித்திரை வெயிலில் காய்ந்த ரோட்டில், டிராஃபிக்கில் நிற்கும் வண்டியில், மெலிந்த தகடு போட்ட லைட் சில நிமிடங்களில் மங்கிவிடும். கடைக்குள் ஏ.சி.யில் பத்து விநாடி போட்டுக் காட்டினால் இது தெரியாது. கால் மணி நேரம் எரியவிட்டுப் பிறகு பாருங்கள். ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு உள்ளே ஆவி படிந்தால் ரப்பர் சீல் சரியில்லை என்று பொருள். சிலிக்கான் பூசி மூடுவதால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது.

எல்.இ.டி. பாரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கூரையில் வைத்தால் பானட்டில் பட்டு ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பும். பம்பரில் வைத்தால் ரேடியேட்டருக்குக் காற்று தடைபடும், கற்றைக்கு ஒழுங்கும் கிடையாது. தனியார் தோட்டத்துக்குள் ஓடும் ஜீப்புக்கு இருக்கட்டும்.

ஒயரிங்தான் முக்கியம். டப்பாவில் வரும் ஹார்னஸில், அதாவது ஒயர் தொகுப்பில், நாலு கால் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்) இருக்கும்: 30, 87, 85, 86. பாட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து லைட்டுக்கு, 85 பாடி எர்த், 86-க்கு ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர். அந்த ஸ்விட்சுக்கு கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மலிவு ஹார்னஸில் பாட்டரி ஒயரிலிருந்தே கிளை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். ஸ்விட்சைப் போட்டால் டிம்மிலும் எரியும், வண்டியை ஆஃப் செய்தாலும் எரியும். விதி 106 உடைவது இங்கேதான். அந்தக் கிளையை வெட்டி இன்சுலேட் செய்துவிட்டு, ஹெட்லைட்டின் பிரைட் ஒயரிலிருந்து ஸ்விட்சுக்குக் கரண்ட் எடுத்தால் வேலை முடிந்தது. பிரைட் போட்டு, ஸ்விட்சும் போட்டிருந்தால் மட்டும் எரியும். டிம் தட்டினால் அணையும். பத்து நிமிட வேலை. கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

சில ஜப்பானிய வழி வண்டிகளில் ஹெட்லைட் எர்த் பக்கம் ஸ்விட்ச் ஆகும். பாசிட்டிவ் எப்போதும் இருக்கும் என்பதால் மேலே சொன்ன இணைப்பு அங்கே பொருந்தாது. ரிலேயின் 85, 86 இரண்டையும் ஹெட்லைட் சாக்கெட்டின் பொது முனை, பிரைட் முனை இரண்டிலிருந்தே எடுக்க வேண்டும். மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒயரைக் கிள்ளும் ஃபிட்டரிடம் வண்டியை விடாதீர்கள். புது வண்டிகளில், குறிப்பாகக் கம்பெனி எல்.இ.டி. ஹெட்லைட் உள்ளவற்றில், பாடி கன்ட்ரோல் மாட்யூல் (வண்டியின் விளக்கு முதலியவற்றை இயக்கும் கம்ப்யூட்டர்) ஹெட்லைட்டுக்குத் துடிப்பாகக் கரண்ட் அனுப்பலாம். அங்கே தட்டி எடுத்தால் ரிலே கடகடக்கும், மீட்டரில் வார்னிங் வரும், வாரன்டி பேச்சும் வரும். அப்படிப்பட்ட வண்டியில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

ஒயர் கனம்: இரண்டு 55 வாட் லைட்டுக்கு சுமார் 9 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், ஃபியூஸ் பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். மலிவு ஹார்னஸின் 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இரண்டு மீட்டர் ஓடினால் 0.6 வோல்ட்டுக்கு மேல் விழும். ஹாலோஜனில் வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு போய்விடும். லைட் மங்கல் என்று 100 வாட் பல்பு தேடுபவர்கள் முதலில் ஒயரை மாற்றட்டும். 100 வாட் போட்டால் சாக்கெட் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும், சட்டப்படியும் தப்பு. ஷார்ட் ஆகித் தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இந்த ஒயரைத்தான்.

பூட்டும் இடம் பம்பரின் பிளாஸ்டிக் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம். பிளாஸ்டிக்கில் பூட்டினால் வெளிச்சம் ரோட்டில் ஆடிக்கொண்டே போகும். நைலான் பூட்டு நட் போடச் சொல்லுங்கள். நம்பர் பிளேட்டை மறைக்கக் கூடாது. கிரில்லில் ரேடார் உள்ள வண்டியென்றால் அதன் முன்னால் எதையும் வைக்கக் கூடாது.

நிலைப்படுத்தாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். சமதரையில், டயர் காற்று சரியாக இருக்க, ஓட்டுநர் சீட்டில் ஆள் உட்கார, சுவரிலிருந்து 10 மீட்டரில் வண்டியை நிறுத்த வேண்டும். முகூர்த்தமில்லாத நாளில் கல்யாண மண்டப வளாகம் இதற்குத் தோது. லேம்பின் நடு உயரத்துக்குச் சுவரில் டேப் ஒட்டி, ஒளியின் நடு டேப்பிலோ நாலைந்து சென்டிமீட்டர் கீழோ விழும்படி, இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பின்னால் சாமான் ஏற்றினால் மூக்கு தூக்கும் என்பதால் கீழே வைப்பதே நல்லது. டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அதே சுவரில் ஹெட்லைட் நடு உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அது சரியில்லாத வண்டிகள்தான் பாதி. பிறகு டிம் போட்டு, 8 மீட்டர் முன்னால், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் கண் வைத்துப் பாருங்கள். விதி 106 கேட்கும் சோதனை அதுதான்.

இவ்வளவும் தேவையா என்பது எந்த ரோட்டில் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. மணிக்கு 80 கிலோமீட்டரில், கண் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தால் 33 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 36 மீட்டர். டிம் வெளிச்சம் பயன்படும் தூரம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. கமுதி, சாயல்குடிப் பக்கம் இருபுறமும் கருவேல மரம் அடர்ந்து, மாடு திடீரென ஏறும் ஆளில்லா ரோட்டில் இந்த ஜோடி உண்மையாகவே உதவும். உசிலம்பட்டி வழியாகத் தேனி போகும் ரோட்டில் எதிர் வண்டி ஓயாது, ஸ்விட்சைத் தொட நேரம் வராது. திருமங்கலம் தாண்டி நாலுவழிச் சாலையின் நடுவில் அரளி மறைப்பது கார் டிரைவர் கண்ணைத்தான். லாரி டிரைவர் கண் அரளிக்கு மேலே. தை மாதம் பழனிக்கு நடப்பவர்கள் ராத்திரியில் போகும் ரோட்டில் இதை அணைத்தே வையுங்கள்.

கொடைக்கானல் பனிக்கு என்று வாங்குபவர்கள் வாங்கவே வேண்டாம். பனியில் டிரைவிங் லேம்ப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும்பும். அங்கே வேலை செய்வது தாழ்வாக வைத்த, மேல்விளிம்பு வெட்டிய அகலக் கற்றை. மஞ்சள் நிறம் பெரிய மாற்றம் தருவதில்லை, பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. உங்கள் மாடலின் உயர்ந்த வேரியண்டில் கம்பெனி ஃபாக் லைட் வருகிறதென்றால், அந்தப் பாகத்தையும் பிராக்கெட்டையும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் லீவரையும் ஷோரூமில் வாங்கிப் பூட்டுவதே எல்லாவற்றிலும் சுத்தமான வழி. பில்லில் பாக எண் இருக்கும்; சோதனையில் காட்ட அதைவிட நல்ல தாள் கிடையாது.