ஃபென்டனா, ஓசோனா? கசடையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பதை இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. சவ்வு வழியே நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ.வுக்கு அனுப்பும் முன் நிறத்தைப் போக்கியாக வேண்டும். இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துச் சாயத்தைச் சிதைப்பது ஃபென்டன் முறை; ஓசோன் வாயுவை நீரில் ஊதிச் சிதைப்பது இன்னொரு முறை. எங்கள் பட்டறையில் ஓசோனை எடுத்தோம். அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

போடும் முதலீட்டில் ஃபென்டன்தான் மலிவு. ஒரு தொட்டி, ஒரு கலக்கி, அன்னபேதி (இரும்பு சல்பேட்), பெராக்சைடு, அவ்வளவுதான். ஓசோனுக்கு ஜெனரேட்டர், ஆக்சிஜன், குளிர்நீர், அப்புறம் கரண்ட் பில். சி.ஓ.டி.யை, அதாவது நீரிலுள்ள கரிம மாசின் அளவை, குறைப்பதிலும் ஃபென்டன் கைதான் ஓங்கும். ஓசோன் அசோ சாயத்தில் நிறம் தரும் நைட்ரஜன் பிணைப்பை வெட்டி நிறத்தைச் சீக்கிரம் எடுத்துவிடும். வெட்டுப்பட்ட துண்டுகள் பெரும்பாலும் நீரிலேயே கரைந்து கிடக்கும்.

ஆனால் கசடு இருக்கிறதே! ஃபென்டனுக்கு பி.எச். (அமில-கார அளவு) 3-ஐ ஒட்டி, நல்ல அமிலமாக இருக்க வேண்டும். நம் கழிவோ காரம். கந்தக அமிலம் ஊற்றி இறக்கி, வேலை முடிந்ததும் சுண்ணாம்போ காஸ்டிக்கோ போட்டு ஏற்ற வேண்டும். ஏற்றும்போது போட்ட இரும்பு அத்தனையும் செம்பழுப்புக் குழம்பாக அடியில் இறங்கும். ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்தாலும் பாதிக்கு மேல் ஈரம்தான். அபாயக் கழிவு என்பதால் குப்பையோடு கொட்ட முடியாது. மூட்டை கட்டி, கூரைக்கடியில் அடுக்கி, எடுத்துப்போக ஆள் வரும்வரை நம் பொறுப்பு. போதாக்குறைக்கு அமிலமும் காரமும் சேர்ந்து உப்பாகி, கடைசியில் நீரைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போகும். மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் கொதிகலன் விறகில் கரையும்.

இன்னொன்று, சாதா உப்பு போட்டுச் சாயமேற்றும் பட்டறைகளில் குளோரைடு, ஃபென்டனின் வீரியத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். பெராக்சைடு மிச்சமிருக்கும் சாம்பிளைச் சோதித்தால் சி.ஓ.டி. பொய்யாக ஏறிக் காட்டும். அதைப் பார்த்து ஆபரேட்டர் இன்னும் பெராக்சைடு ஊற்றுவார்! திரும்ப எடுக்கும் உப்புநீரில் இரும்பு தங்கினால் அடுத்த பேட்சின் ஷேடு மங்கும்.

ஓசோனிலும் வில்லங்கம் உண்டு. டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலச் சாயம்) ஓடும் நாளில் திணறும். கசிவு விளையாட்டில்லை, காற்றில் 0.1 பி.பி.எம். தாண்டினால் அறையில் ஆள் நிற்கக் கூடாது. சென்சார் இல்லாமல் வாங்காதீர்கள்.

இரும்பை மணிகளில் பதித்து, கசடே வராது என்று விற்கும் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) படுகைகளை நான் பீக்கர் அளவில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே நன்றாகவே ஓடியது. வாங்க நினைப்பவர்கள், மணியிலிருந்து எவ்வளவு இரும்பு நீரில் இறங்குகிறது, எத்தனை மாதத்தில் மணியை மாற்ற வேண்டும் என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.