லேபிள் இல்லாத புரோட்டீன் பவுடர்: திருப்பூர், கோவைப் பக்கம் வாங்குபவர்கள் கவனிக்கவும்

திருப்பூர் பக்கம் ஒரு ஜிம்மில் வெள்ளி நிறப் பையில், எந்த எழுத்தும் அச்சிடாமல், கிலோ 1,400 ரூபாய்க்கு "வே புரோட்டீன்" (பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதம்) விற்கிறார்கள். கூடவே 600 ரூபாய்க்குச் செரிமானத்துக்கு என்று ஒரு என்சைம் மாத்திரை டப்பாவும் தலையில் கட்டுகிறார்கள். வாங்குவது பெரும்பாலும் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும் பையன்கள். பணம் ஜிபேயில் போகிறது, பில் கிடையாது. குடித்தவர்களுக்கு வயிறு உப்பிப் பேதியானது. போய்க் கேட்டால், "புரோட்டீன் வேலை செய்யுதுங்க தம்பி. ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல ஒடம்பு இழுக்காது, அதான். என்சைம் போடுங்க, சரியாயிரும்" என்ற பதில்தான். பிரித்த சரக்கைத் திரும்ப வாங்க மாட்டார்களாம்.

அந்தப் பதிலில் ஒரு வரிகூட உண்மை இல்லை.

புரதம் வயிற்றுக்குள் போனதும் அமிலம் அதன் மடிப்புகளைப் பிரிக்கிறது, பெப்சின் என்ற என்சைம் வெட்டத் தொடங்குகிறது. பெரிய வேலை சிறுகுடலில்தான். கணையத்திலிருந்து டிரிப்சின் உறங்கு நிலையில் வருகிறது. குடல் சுவரில் உள்ள என்டரோகைனேஸ் அதை எழுப்புகிறது. எழுந்த டிரிப்சின் மற்ற என்சைம்களை எழுப்புகிறது. எல்லாம் சேர்ந்து வெட்டியதில் பெரும்பகுதி, இரண்டு மூன்று அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் கண்ணி) கோத்த துண்டுகளாகவே குடல் செல்லுக்குள் போகிறது. அங்கே தனித்தனியாகப் பிரிந்து, ரத்தம் வழியே கல்லீரலுக்குச் சேர்கிறது. ஆரோக்கியமான கணையம் இதற்குத் தேவையானதைவிட அதிகமாகவே சுரக்கிறது. கணைய நோய்க்காரர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் என்சைம் வேறு. ஜிம் கவுன்டரில் கேட்டு வாங்கும் பொருள் அல்ல அது.

30 கிராம் கணக்கும் திரிக்கப்பட்டதுதான். ஒரு வேளையில் தசை கட்டுவதற்குச் சுமார் 20 முதல் 40 கிராம் போதும் என்ற ஆய்வு முடிவை, குடல் உறிஞ்சும் எல்லையாக மாற்றிச் சொல்கிறார்கள். 60 கிராம் சாப்பிட்டாலும் குடல் மெதுவாக, பல மணி நேரம் எடுத்து, அநேகமாக முழுவதையும் உறிஞ்சிவிடும்.

அப்படியானால் பேதி ஏன்? பெரும்பாலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரைதான் காரணம். 80 சதவீதம் புரதம் உள்ள நல்ல வே பவுடரில் அது கொஞ்சமே இருக்கும். விலை மலிவான 35 சதவீதச் சரக்கில் பாதி எடை லாக்டோஸ். 30 கிராம் ஸ்கூப்பில் புரதம் பத்துக் கிராம்தான், லாக்டோஸ் 15 கிராம். அதாவது ஒரு பெரிய டம்ளர் பாலில் இருப்பதைவிட அதிகம். அதைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற என்சைம் குறைந்த பெரியவர்கள் நம் ஊரில் ஏராளம். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலில் நீரை இழுக்கும், அங்குள்ள பாக்டீரியாவால் புளித்து வாயுவாகும். புரதம் செரிக்கும் என்சைம் எத்தனை மாத்திரை போட்டாலும் இதற்கு உதவாது.

லேப் ரிப்போர்ட் காட்டினாலும் ஏமாறாதீர்கள். சாதாரணப் பரிசோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. நைட்ரஜன் உள்ள, ஆனால் புரதம் அல்லாத கிரியேட்டினை ஒரு கிராம் கலந்தால் கணக்கில் இரண்டு கிராம் புரதம் ஏறும், கிளைசின் என்ற தனி அமினோ அமிலத்தை ஒரு கிராம் கலந்தால் சுமார் 1.17 கிராம். 2008-ல் சீனாவில் குழந்தைகளின் பால்பவுடரில் நைட்ரஜன் மிகுந்த மெலமின் என்ற ரசாயனம் கலந்ததும் இதே ஓட்டையில்தான். அதனால் ரிப்போர்ட்டில் லூசின் என்ற அமினோ அமிலத்தின் அளவைப் பாருங்கள். 25 கிராம் வே புரதத்தில் லூசின் ஏறக்குறைய 2.5 கிராம் இருக்க வேண்டும். இரண்டுக்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் பெயர் இருந்தாலும் அப்படியே.

வீட்டில் கொதிக்கிற நீரில் ஒரு ஸ்பூன் போட்டுப் பாருங்கள். வே திரிந்து கட்டி தட்டும். மாவிலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்டிரினும் கிளைசினும் தெளிவாகக் கரைந்துவிடும். கட்டி தட்டியதாலேயே சரக்கு சுத்தம் என்று ஆகாது, கலப்படத்திலும் கொஞ்சம் வே இருக்குமே. ஏற்கெனவே சிறு துண்டுகளாக வெட்டிய ஹைட்ரோலைசேட் வகை வே உண்மையானதாக இருந்தாலும் திரியாது. அயோடின் சொட்டு விட்டு நீலக்கறுப்பானால் மாவு கலந்திருக்கிறது. மால்டோடெக்ஸ்டிரினை அயோடின் பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. பிளேவர் சேர்க்காத பவுடர் இனித்தால் அதுவும் நல்ல அறிகுறி அல்ல.

பவுடர் இல்லாமலே முடியும். 60 கிலோ ஆளுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்வது நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம். பளு தூக்குபவர்களுக்கு 90, 100 வரை வேண்டியிருக்கும். 100 கிராம் கொள்ளில் 22 கிராம், நிலக்கடலையில் 25, ஒரு முட்டையில் 6. அரிசியும் பருப்பும் சாதத்தில் அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடு செய்கிறது. முட்டையைப் பச்சையாகக் குடிக்காதீர்கள்: வேகவைத்ததில் 90 சதவீதம் செரிக்கும், பச்சையில் பாதிதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பவுடரையும் தொட வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் மிச்சப் பவுடரையும் பையையும் ஜிபே ரசீதையும் வைத்திருங்கள். 1915 என்ற தொலைபேசி எண்ணில் நுகர்வோர் புகார் பதியலாம், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் கொடுக்கலாம். பாக்கெட்டில் 14 இலக்க எப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இல்லாததே புகாருக்குப் போதும். நீங்களே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வு செய்ய 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும்.