பெரியப்பா கையில் ஒரே ஒரு ஊசிக்குழாய்

லண்டனிலிருந்து நான் சிங்கப்பூருக்கு வந்த மூன்றாம் நாள் பெரியப்பாவுக்குத் தார் போலக் கறுப்பாக மலம் போனது, வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளம். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்ததிலிருந்து அவசரப் பிரிவுக் கட்டில் வரை எல்லாம் மளமளவென்று நடந்தன. எழுத வேண்டியது, மறுநாள் வார்டில் நின்றுபோன மருந்துப் பம்பைப் பற்றித்தான்.

அவசரப் பிரிவிலேயே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரஸோல் 80 மி.கி. போட்டார்கள். 40 மி.கி. குப்பி இரண்டு, ஒவ்வொன்றும் 10 மி.லி. உப்பு நீரில் கரைத்து நரம்பில் மெதுவாக ஏற்றுவது. இங்கிலாந்தில் எண்டோஸ்கோப்பிக்கு (வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) முன் இதைத் தர வேண்டாம் என்பது 2012 வழிகாட்டுதல். 2007-ல் ஹாங்காங்கில் நடந்த ஆய்வில், முன்கூட்டியே மருந்து பெற்றவர்களில் 19 சதவீதத்தினருக்குத்தான் எண்டோஸ்கோப்பி வழியே சிகிச்சை தேவைப்பட்டது. பெறாதவர்களில் 28 சதவீதம். ஆனால் இறப்பு குறையவில்லை. எண்டோஸ்கோப்பி மறுநாள் காலைதான் என்றால் இங்கே செய்ததே எனக்குச் சரியாகப் படுகிறது.

காலையில் பார்த்தபோது முன்சிறுகுடலில் புண், அதன் நடுவே ரத்தக்குழாய் துருத்திக்கொண்டு நின்றது. ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் ஊசி போட்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பும் மாட்டினார்கள். அட்ரினலின் மட்டும் போட்டு விட்டுவிடக் கூடாது, அதன் வேலை கொஞ்ச நேரம்தான். அதன்பின் 72 மணி நேரத்துக்கு மணிக்கு 8 மி.கி. மருந்து. 100 மி.லி. உப்பு நீரில் 80 மி.கி. கலந்து, பம்பில் மணிக்கு 10 மி.லி. ஒரு பை பத்து மணி நேரம் வரும்.

இவ்வளவு விடாமல் ஏற்றுவது ஏன்? அமிலத்தில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒட்டாது, கட்டிய ரத்தக்கட்டியையும் வயிற்றின் செரிமான நொதியான பெப்சின் கரைத்துவிடும். பிஎச் 6-க்கு மேல் இருந்தால், அதாவது அமிலம் குறைவாக இருந்தால், கட்டி நிலைக்கும். இந்த மருந்து அந்த நேரத்தில் வேலை செய்யும் அமிலப் பம்புகளை (வயிற்றுச் செல்களில் அமிலத்தைச் சுரப்பவை) மட்டுமே அடைக்கிறது. ரத்தத்தில் அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், வயிறோ புதுப் பம்புகளை உருவாக்கிக்கொண்டே இருக்கும்.

அன்று மாலை ஹீமோகுளோபின் 6.8. இரண்டு பை ரத்தம் ஏற்றச் சொன்னார் மருத்துவர். பெரியப்பா கையில் இருந்ததோ ரோஸ் நிற 20 அளவு ஊசிக்குழாய், அதுவும் ஒன்றே ஒன்று. ரத்தம் போகும் குழாயில் வேறு மருந்து கலக்கக் கூடாது. எனவே பம்பை நிறுத்தி ரத்தத்தை மாட்டினார்கள். "ரத்தம் முடிஞ்சதும் மாட்டிடறேன், அண்ணே," என்றார் தாதி. அன்பான தமிழ்ப் பெண், பத்துக் கட்டிலைத் தனியாகப் பார்க்கிறார். இரண்டு பையும் இறங்க ஐந்தரை மணி நேரமானது. அவ்வளவு நேரமும் பம்பு மூலையில் கிடந்தது.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ரத்த வாந்தி, கறுப்பு மலம் என்று வருபவருக்கு முதலிலேயே இரண்டு கையிலும் பச்சை நிற 18 அளவாவது (எண் குறையக் குறையக் குழாய் பெரிது) போட வேண்டும். வயதானவரின் நரம்பு ரத்தம் குறையக் குறையச் சுருங்கும், அப்புறம் தேடினால் கிடைக்காது. லண்டன் வார்டுகளிலும் இதே தவறைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது குழாய் கிடைக்கவில்லை என்றால், பைகளுக்கு நடுவே உப்பு நீரால் குழாயை அலசி 40 மி.கி. ஊசியாகப் போடலாம். விட்டுவிட்டுத் தரும் முறையும் தொடர் சொட்டுக்குச் சளைத்ததல்ல என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டிவிட்டன. அது மருத்துவர் எழுதித் தர வேண்டிய உத்தரவு, கேட்டால்தான் எழுதுவார்கள்.

இதற்கிடையே பெரியம்மா, தேக்கா சந்தையில் வாங்கிய பாலைக் காய்ச்சி அடுக்குச் சட்டியில் எடுத்து வந்துவிட்டார். அந்தக் காலத்தில் வயிற்றுப் புண்ணுக்குப் பால்தானே! வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று: பால் அமிலத்தைத் தூண்டும், எண்டோஸ்கோப்பியைத் திரும்பச் செய்ய நேர்ந்தால் வயிறும் காலியாக இருக்க வேண்டும். அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது இந்த அமில மருந்து மாத்திரையாகத் தினம் ஒன்று என்றிருந்தது. மீண்டும் ரத்தம் கசியும் ஆபத்துள்ள புண்ணுக்கு 14-ஆம் நாள் வரை தினம் இரண்டு வேளை, அதன்பின் ஒரு வேளை. சொன்னதும் மருந்தாளர் வார்டுக்கு அழைத்துக் கேட்டு உடனே திருத்தினார். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும்.

புண்ணுக்குக் காரணம் பெரியப்பாவின் அலமாரியில் இருந்தது: பெயர்ச்சீட்டு இல்லாத மூட்டுவலி மாத்திரை. இப்படிப்பட்டவற்றில் வலி நிவாரணியும் ஸ்டீராய்டும் மறைந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. டப்பாவை மருத்துவரிடமே கொடுத்தோம், ஸ்டீராய்டு என்றால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் கிருமி இல்லை என்று முடிவு வந்திருக்கிறது. ஆனால் ரத்தக் கசிவும் இந்த அமில மருந்தும் அந்தப் பரிசோதனையை ஏமாற்றி, கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். மாத்திரை முடிந்து இரண்டு வாரம் விட்டு மூச்சுப் பரிசோதனை. பெரியம்மா நாட்காட்டியில் வட்டமிட்டுவிட்டார்.