திட்டா, கரையா? பிச்சாவரத்து மீனவர் குடியிருப்பு

கடலூர் மாவட்டம் கிள்ளைக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. அதையும் தாண்டிய மணல்மேட்டில் இருந்தது எம்.ஜி.ஆர். திட்டு. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் உப்பங்கழி. படகில்லாமல் போக முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தக் குடியிருப்பை அழித்தது. பிழைத்த மீனவர்கள் உள்ளே, நிலத்தோடு சேர்ந்த கரைப்பக்கம் குடியேறினார்கள். மீனவர் வீடு எங்கே இருப்பது நல்லது, திட்டிலா, இந்தக் கரையிலா?

தொழிலை மட்டும் பார்த்தால் திட்டுதான் மேல். வாசலில் நின்றே காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் படகைத் தள்ளலாம். வலை கண்ணெதிரே கிடக்கும். கரையிலோ வீடு ஓரிடம், படகு ஓரிடம். வலையைச் சுமக்க வேண்டும், இன்ஜினுக்குக் காவல் வேண்டும். இந்தச் சில்லறைச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. (கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் பிழைப்பு காட்டுக்குள்ளேயே.)

ஆனால் நடுராத்திரியில் பிரசவ வலி கண்டால்? கரையில் பள்ளி, ரேஷன் கடை, சிதம்பரத்துக்குப் பஸ் எல்லாம் எட்டும் தூரம். அதைவிடப் பெரிய காரணம் காடு. சுனாமியின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. திட்டு காட்டுக்கு முன்னால் கடலைப் பார்த்து நின்றது, தடுக்க ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், குடும்பம் கரையிலேயே இருக்கட்டும். கடலோரத்தில் வலைக்கூடமும் நல்ல படகுத்துறையும் மட்டும் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.